ஸ்வால்பார்ட்: விசா கேட்காத தீவில் கேட்டுத்தான் செய்யவேண்டியவை

ஸ்வால்பார்டில் இறங்க விசா வேண்டாம், வேலை பார்க்க பெர்மிட் வேண்டாம். யூடியூபில் இந்த இரண்டு வரியைக் கேட்டுவிட்டு டிக்கெட் விலை தேட ஆரம்பிப்பவர்கள் நிறைய பேர். இந்த அளவுக்கு வாசலைத் திறந்து வைத்திருக்கும் இடம் உலகத்தில் வேறு எங்கும் சுலபத்தில் கிடைக்காது, உண்மைதான். ஆனால் வாசலைத் தாண்டியபின் ஒரு பூவைப் பறிக்க, துருப்பிடித்த ஆணி ஒன்றைக் கையில் எடுக்க, ஊர் எல்லையை விட்டு நடக்க, எல்லாவற்றுக்கும் சட்டம் இருக்கிறது. புதிதாகப் போகிறவர்கள் அந்தச் சட்டங்களை எந்த வரிசையில் சந்திப்பார்களோ, அதே வரிசையில் இங்கே சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் பின்னணி. நார்வேயின் வடமுனைக்கும் வட துருவத்துக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கும் தீவுக்கூட்டம் இது. பெரிய ஊர் லாங்யர்பியென், 78 டிகிரி வடக்கு, மக்கள்தொகை சுமார் 2,500. 1920 பிப்ரவரி 9 அன்று பாரிஸில் கையெழுத்தான ஒப்பந்தம் இந்தத் தீவுகளை நார்வேயின் ஆட்சிக்குக் கீழ் கொண்டுவந்தது. 1925-இல் அது நடைமுறைக்கு வந்தது. பதிலுக்கு நார்வே சில நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டது: ஒப்பந்தத்தில் சேர்ந்த எல்லா நாட்டு மக்களுக்கும் மீன்பிடி, வேட்டை, சுரங்கம், வணிகம் ஆகியவற்றில் சம உரிமை, அங்கே வசூலிக்கும் வரி அங்கேயே செலவாக வேண்டும், கடற்படைத் தளமோ கோட்டையோ கட்டக்கூடாது. இந்தியாவும் இதில் தொடக்கத்திலிருந்தே உண்டு, அன்றைக்கு பிரிட்டிஷ் இந்தியாவாக.

ஒப்பந்தம் உரிமையைக் கொடுத்தது, ஆனால் அந்த உரிமையை எப்படிப் பயன்படுத்தலாம் என்று விதி போடும் அதிகாரத்தையும் நார்வேயிடமே விட்டது. இன்றைக்கு அந்த விதிகளுக்கெல்லாம் தாய்ச்சட்டம் 2001-இல் இயற்றப்பட்டு 2002 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் ஸ்வால்பார்ட் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். அதன் முதல் பிரிவே நோக்கத்தைச் சொல்லிவிடுகிறது: மனிதக் கை ஏறக்குறைய படாத இயற்கையை அப்படியே வைத்திருப்பது. குடியிருப்பு, ஆராய்ச்சி, வியாபாரம் எல்லாம் அந்த வரம்புக்குள்தான். இந்த முன்னுரிமை மனதில் பதிந்துவிட்டால் மற்ற விதிகளில் பாதியை நீங்களே ஊகித்துவிடலாம். இதையெல்லாம் நடத்துபவர் ஆளுநர். நம் ஊர் ஆளுநரைப் போல மாளிகையில் இருந்து உரை வாசிப்பவர் இல்லை. காவல்துறைத் தலைவர், சுற்றுச்சூழல் அதிகாரி, மீட்புப் பணிப் பொறுப்பாளர் எல்லாம் அவர் ஒருவரே.

முதல் படி: விசா வேண்டாத ஊருக்கு விசா எடுப்பது

ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்தான் ஷெங்கன் பகுதி, ஸ்வால்பார்ட் அதற்கு வெளியே இருக்கிறது. வழக்கமான விமானங்களோ ஆஸ்லோ அல்லது டிராம்சோ வழியாகத்தான் போகின்றன, அவை ஷெங்கனுக்கு உள்ளே. அதாவது இந்திய அல்லது இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் ஷெங்கனுக்குள் நுழைந்து, வெளியேறி, ஸ்வால்பார்டில் இருந்துவிட்டு, திரும்பும்போது மறுபடி நுழைய வேண்டும். ஆகவே இரண்டு முறை நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசா கட்டாயம். ஒருமுறை மட்டும் நுழையும் விசாவோடு போனால், போகும் வழியிலேயே அது தீர்ந்துபோகும். என்னைக் கேட்டால், நம்மவர்களுக்கு ஸ்வால்பார்டில் மிகப் பெரிய ஆபத்து பனிக்கரடி இல்லை, இந்த ஒற்றை நுழைவு விசாதான்.

நார்வேயில் குடியேறி வாழும் தமிழர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. நிரந்தர வதிவிட உரிமைக்கோ குடியுரிமைக்கோ காத்திருக்கும் காலத்தில் ஸ்வால்பார்டில் வேலை கிடைத்துப் போனால், அங்கே இருக்கும் நாட்கள் நார்வேயில் வசித்த காலமாகக் கணக்கில் ஏறாது. எத்தனை வருடம் இருந்தாலும் அப்படித்தான். சம்பளம் நல்லது, வருமான வரி பெரும்பாலோருக்கு 8%, மதிப்புக் கூட்டு வரி கிடையாது. ஆனாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள்.

இரண்டாம் படி: சொந்தக் காலில் நிற்பது

வருபவரிடம் யாரும் விசா கேட்பதில்லை என்பதற்காக எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம் என்று ஆகாது. தன்னைத் தானே பராமரித்துக்கொள்ள வழியில்லாதவரைத் தீவை விட்டு வெளியேற்ற ஆளுநருக்கு அதிகாரம் உண்டு, 1995-இல் வந்த விதி. நார்வேயில் இருக்கும் சமூக நல உதவிகள் இங்கே இல்லை. முதியோர் இல்லம் இல்லை. மருத்துவமனை சிறியது, கொஞ்சம் பெரிய பிரச்சினை என்றால் டிராம்சோவுக்கு விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். வீடுகளில் பெரும்பகுதி நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்கு வைத்திருப்பவை. எனவே வேலையும் தங்கும் இடமும் உறுதியாகாமல் "போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று கிளம்பாதீர்கள். வேலை விசா தேவையில்லை என்பதால்தான் தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் மக்கள் கணிசமாக இங்கே வந்து வாழ்கிறார்கள். அவர்களில் பலரும் உறவினரோ நண்பரோ ஏற்பாடு செய்த வேலைக்கு வந்தவர்கள்.

சுற்றுலாப் பயணிக்கு இந்தக் கவலை இல்லை. டிக்கெட் விலையிலேயே 150 நார்வே குரோனர் சுற்றுச்சூழல் கட்டணம் சேர்ந்திருக்கும். அது தீவின் இயற்கையையும் தொல்சின்னங்களையும் காக்கும் நிதிக்குப் போகிறது. அப்புறம், விமான டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பீரும் சாராயமும் இங்கே ரேஷன். உள்ளூர்க்காரருக்கு மாத அட்டை, வெளியூர்க்காரருக்கு டிக்கெட்தான் அட்டை. ஒயினுக்கு மட்டும் அளவு இல்லை. சுரங்கத் தொழிலாளி குடித்தது பீர், மேலதிகாரி குடித்தது ஒயின், சட்டம் எழுதியது யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஊரில் சொல்வார்கள்.

மூன்றாம் படி: ஊர் எல்லையில் நிற்கும் கரடிப் பலகை

லாங்யர்பியெனை விட்டு வெளியேறும் சாலையில் முக்கோணப் பலகை ஒன்று இருக்கும். கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கரடி, கீழே "ஸ்வால்பார்ட் முழுமைக்கும் பொருந்தும்" என்ற பொருளில் ஒரு வரி. எல்லோரும் அதன்முன் நின்று படம் எடுக்கிறார்கள். எடுத்துவிட்டு, பலகைக்கு அந்தப் பக்கம் வெறுங்கையோடு நடக்கிறவர்களும் இருக்கிறார்கள். குடியிருப்புக்கு வெளியே போகும் எவரும் கரடியை விரட்டத் தகுந்த சாதனம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். வெளிச்சக் குண்டு சுடும் துப்பாக்கி அந்த வகை. அதோடு ரைஃபிளும் வேண்டும் என்று ஆளுநர் அலுவலகம் பரிந்துரைக்கிறது.

ரைஃபிள் வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் செல்லுபடியாகும் ஆயுத உரிமம் இல்லாதவர் ஆளுநரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், இறங்கிய அன்றே கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். ஊருக்குள் குண்டு போட்ட துப்பாக்கியோடு நடக்கக்கூடாது, கடைகளுக்குள் துப்பாக்கியே கூடாது. வாழ்நாளில் துப்பாக்கி தொடாதவர் இந்த வம்புக்கே போகவேண்டாம். ஆயுதமேந்திய வழிகாட்டியோடு போகும் பயணத்தில் சேர்ந்துகொள்ளுங்கள், செலவு கூடுதல் என்றாலும். ஊருக்குப் பக்கம்தானே என்ற எண்ணமும் வேண்டாம்: 2020 ஆகஸ்டில் விமான நிலையத்தை ஒட்டிய முகாம் திடலில், கூடாரத்துக்குள் இருந்த ஒருவரைக் கரடி கொன்றது.

இதையெல்லாம் கேட்டால் சட்டம் மனிதனைக் கரடியிடமிருந்து காப்பாற்ற எழுதப்பட்டது போலத் தோன்றும். பெருமளவு அது மறுபக்கம்தான். பனிக்கரடி இங்கே 1973 முதல் பாதுகாக்கப்பட்ட விலங்கு. அதைத் தேடிப் போவது, துரத்துவது, உணவு காட்டி இழுப்பது எல்லாமே குற்றம். உயிருக்கு ஆபத்து என்ற கடைசி நிலையில் மட்டுமே சுடலாம், சுட்டால் ஒவ்வொரு முறையும் விசாரணை நடக்கும். கரடி வரும் இடத்தில் கவனமில்லாமல் கூடாரம் போட்டு, அது வந்ததும் சுட்டேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

2025 ஜனவரி 1 முதல் தூரமும் எழுத்தில் வந்துவிட்டது. மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை கரடிக்கும் உங்களுக்கும் இடையே குறைந்தது 500 மீட்டர், மற்ற மாதங்களில் 300 மீட்டர். வசந்தத்தில் ஏன் அதிகம்? குட்டிகளோடு தாய் குகையை விட்டு வெளியே வரும் காலம், இணை சேரும் காலம், கடற்பனியில் சீல் பிடித்து உடம்பில் கொழுப்பு ஏற்றிக்கொள்ளும் காலம், மூன்றும் அப்போதுதான். கரடி தானாக உங்கள் பக்கம் நடந்து வந்தாலும் பின்வாங்க வேண்டியது நீங்கள்தான். 500 மீட்டரில் கரடி ஒரு மஞ்சள் புள்ளி, இதற்கா இவ்வளவு செலவு செய்து வந்தோம் என்று படகு நிறுவனங்களும் பயணிகளும் முணுமுணுக்கிறார்கள். நல்ல தொலைநோக்கி வாங்குங்கள் என்பதே என் பதில்.

நான்காம் படி: எதுவரை நடக்கலாம்

நிலப்பரப்பில் சுமார் 65% தேசியப் பூங்காவாகவோ இயற்கைக் காப்பகமாகவோ அறிவிக்கப்பட்டது. மீதியிலும் எல்லா இடமும் ஒரே மாதிரி இல்லை. புதிதாக வருபவர் நினைவில் வைக்கவேண்டிய பெயர் "நிர்வாகப் பகுதி 10". லாங்யர்பியெனைச் சுற்றியுள்ள பெரிய வட்டாரம் அது. அதற்குள் நீங்கள் யாருக்கும் சொல்லாமல் போய்வரலாம். அதைத் தாண்டித் தனியாகப் போவதென்றால் பயணத் திட்டத்தை ஆளுநருக்கு முன்பே தெரிவிக்க வேண்டும். தேடுதல், மீட்புச் செலவுக்குக் காப்பீடோ வங்கி உத்தரவாதமோ காட்ட வேண்டும். ஹெலிகாப்டர் ஒருமுறை கிளம்பினால் ஆகும் செலவை நினைத்தால் இது கஞ்சத்தனமான விதி இல்லை. பயண நிறுவனத்தோடு போனால் இந்த வேலைகளை அவர்களே பார்ப்பார்கள். பார்த்தார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

வண்டி விஷயம் சுருக்கம். பனி இல்லாத தரையில் சாலையை விட்டு இறங்கி வண்டி ஓட்டவே கூடாது. அடியில் நிரந்தர உறைநிலம், மேலே ஒரு கை ஆழத்துக்குக் கோடையில் உருகும் சேறு, அதன்மேல் பாசியும் விரல் உயரச் செடியும். ஒரு சக்கரத் தடம் பதிந்தால் பல பத்தாண்டுகளுக்கு அழியாது. பனிக்காலத்தில் ஸ்னோமொபைல் ஓட்டலாம், ஓட்டுநர் உரிமம் கட்டாயம், குடித்துவிட்டு ஓட்டினால் சாலையில் பிடிப்பது போலவே பிடிப்பார்கள். எங்கே ஓட்டலாம் என்பதில் உள்ளூர்க்காரருக்கு ஒரு வரைபடம், வெளியாருக்கு அதைவிடச் சிறிய வரைபடம். கடற்பனி உறைந்த சில ஃபியோர்டுகளில் (மலைகளுக்கு நடுவே உள்நுழையும் குறுகிய கடல் பகுதிகளில்) மார்ச் தொடங்கியதும் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வந்துவிடும், சீல்கள் அங்கேதான் குட்டி போடும். வாடகைக்குத் தருபவரிடம் அந்த ஆண்டின் வரைபடத்தை வாங்கிப் பாருங்கள், போன வருடத்து வலைப்பதிவை நம்பாதீர்கள்.

டிரோன்? பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் தடை, விமான நிலையத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள்ளும் கூடாது. லாங்யர்பியென் முழுக்கவே அந்த வட்டத்துக்குள் இருக்கிறது. வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

ஐந்தாம் படி: கையைக் கட்டிக்கொள்வது

மரம் கிடையாது. இருக்கும் செடிகள் அத்தனையும் பாதுகாக்கப்பட்டவை, பறிக்கக்கூடாது. சொந்தச் சமையலுக்குக் காளானும் கடற்பாசியும் எடுக்கலாம், அதுதான் விலக்கு. செடியோ மண்ணோ மூடிய தரையில் நெருப்பு மூட்டக்கூடாது. பூனை வளர்க்க ஆசைப்பட்டால் மறந்துவிடுங்கள், பறவைகளையும் வெறிநோயையும் கருதித் தீவுக்கே பூனை கூடாது. நாய்க்கு அனுமதி வாங்கலாம்.

எனக்கு இந்தச் சட்டத்தில் மிகப் பிடித்த பகுதி தொல்சின்னங்கள் பற்றியது. 1946-க்கு முந்தைய மனிதத் தடயம் எதுவானாலும் அது தானாகவே பாதுகாக்கப்பட்ட சின்னம். யாரும் அறிவிப்புப் பலகை வைக்கவேண்டியதில்லை. அதைச் சுற்றி 100 மீட்டருக்கும் அதே பாதுகாப்பு, அதற்குள் கூடாரமும் அடுப்பும் கூடாது. பதினேழாம் நூற்றாண்டுத் திமிங்கில வேட்டைக்காரர்களின் கொழுப்புக் காய்ச்சும் அடுப்பு, பொறி வைத்து நரி பிடித்தவரின் குடிசை, லாங்யர்பியெனின் தலைக்கு மேல் நிற்கும் பழைய நிலக்கரிக் கம்பிவடத் தூண்கள், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன்காரர்கள் வைத்த வானிலை நிலையங்கள், எல்லாம் இதில் அடங்கும். அவர்கள் தின்றுவிட்டு வீசிய தகர டப்பாவும்தான். 1945-இல் வீசிய டப்பா பாரம்பரியம், 1947-இல் வீசியது குப்பை. கரையொதுங்கும் பிளாஸ்டிக்கைப் பொறுக்கும் தன்னார்வலர்கள் துருப்பிடித்த இரும்பைக் கண்டால் இதனால்தான் கையை எடுத்துக்கொள்கிறார்கள்.

கல்லறைக்கும் சிலுவைக்கும் மனித எலும்புக்கும் வயதுக் கணக்கே இல்லை. வால்ரஸ், திமிங்கிலம் அறுத்த இடங்களில் குவிந்து கிடக்கும் எலும்புகளுக்கும் இல்லை. கடற்கரையில் ஒரு பெரிய முதுகெலும்பு வெள்ளையாகக் கிடக்கும், ஷோகேஸில் வைத்தால் அழகாக இருக்கும் என்று தோன்றும். அதைத் தொடாதீர்கள். பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் புதைபடிவங்களுக்கும் இதுதான் பதில். விர்கோஹாம்னா என்ற இடம் இன்னும் கடுமை. 1897-இல் ஸ்வீடன் நாட்டு ஆய்வுப் பயணி ஆந்த்ரே வட துருவத்தை நோக்கிப் பலூனில் கிளம்பிய இடம் அது. அங்கே கால் வைக்கவே ஆளுநரின் அனுமதி வேண்டும்.

பறவைகளுக்கு நாட்காட்டி உண்டு. 15 பறவைக் காப்பகங்கள் மே 15 முதல் ஆகஸ்ட் 15 வரை மூடப்படும், கரையிலிருந்து 300 மீட்டர் கடலும் சேர்த்து. காப்பகம் அல்லாத இடத்திலும் கோடையில் ஆலா என்ற கடற்பறவை உங்கள் தலையைக் கொத்த வந்தால் முட்டைக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். ஒரு கம்பைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தபடி வந்த வழியே திரும்புங்கள், அது கம்பின் நுனியைத்தான் கொத்தும்.

கப்பலில் வருபவர்களுக்கு

பெரிய சொகுசுக் கப்பலில் வருபவர் பெரும்பாலும் லாங்யர்பியெனையும் அதைச் சுற்றியுள்ள கடலையும் மட்டுமே பார்ப்பார். 2025 முதல் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் போகமுடியாது. சிறிய கப்பலும் அங்கே நினைத்த இடத்தில் இறக்கிவிட முடியாது, அனுமதிக்கப்பட்ட 43 இடங்களில் மட்டும். பதிவு செய்யும்போது எந்தெந்த இடத்தில் தரையிறங்கும் என்று கேளுங்கள். "எங்கும் இறங்குவோம்" என்று விளம்பரம் செய்பவர் பழைய துண்டுப்பிரசுரத்தை வைத்து விற்கிறார்.

மீன், மான், நிலக்கரி

"சம உரிமை" என்ற சொல் ஒப்பந்தத்தில் இருக்கிறதே, ஓர் இந்தியக் குடிமகன் போய் மான் சுடலாமா, நிலக்கரி தோண்டலாமா? கலைமான் வேட்டை நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கு மட்டும், எந்த நாட்டவராக இருந்தாலும் சரி. பிரிவினை பாஸ்போர்ட்டை வைத்து இல்லை, குடியிருப்பை வைத்து. ஸ்வால்பார்ட் கலைமான் அழிவின் விளிம்புக்குப் போய் 1925-இல் பாதுகாக்கப்பட்டது. எண்ணிக்கை தேறியபின் 1983-இல்தான் வேட்டை மறுபடி திறந்தது. இன்றும் வேட்டைத் தேர்வு எழுத வேண்டும், ஒதுக்கிய பள்ளத்தாக்கில் ஒதுக்கிய அளவுதான் சுடலாம், சுட்ட மானின் கீழ்த்தாடையை ஆளுநரிடம் ஒப்படைக்க வேண்டும். பல்லை வைத்து வயதைக் கணக்கிடுவார்கள். ஏரியிலும் ஆற்றிலும் மீன் பிடிக்கவும் முதலில் அனுமதி வாங்குங்கள்.

கடலில் இந்தச் சம உரிமை எங்கே முடிகிறது என்பது நாடுகளுக்கு இடையே பெரிய சண்டை. 2023 மார்ச்சில் நார்வே உச்ச நீதிமன்றம், பனிநண்டு பிடிக்க வந்த லாத்வியா நிறுவனத்தின் வழக்கில், அந்த உரிமை 12 கடல் மைல் எல்லைக்கு அப்பால் செல்லாது என்று தீர்ப்பளித்தது. நிலத்தில் சுரங்கச் சட்டம் 1925-ஐச் சேர்ந்தது. கனிமம் தேடும் உரிமை ஏட்டில் இன்றும் திறந்தே இருக்கிறது. ஆனால் அதன்மேல் 2001-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் சட்டம் உட்கார்ந்திருப்பதால், புதிய சுரங்கத்துக்கு வழி கிட்டத்தட்ட அடைபட்டுவிட்டது. லாங்யர்பியெனின் கடைசி நார்வே நிலக்கரிச் சுரங்கமான ஏழாம் எண் 2025-இல் மூடப்பட்டது. ரஷ்யர்களின் பாரன்ட்ஸ்பர்க் மட்டும் இன்னும் நிலக்கரி ஊராக இருக்கிறது.

ஆராய்ச்சிக்குப் போகிறவர்களுக்கு

மாணவர்கள் பலர் கேட்பது இதுதான். ஸ்வால்பார்டின் ஆராய்ச்சிக் கிராமமான நீ-ஓலசுண்டில் 2008 ஜூலை 1 முதல் இந்தியாவின் ஹிமாத்ரி ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. ஹிமாத்ரியின் பெயரால் போனாலும் மாதிரி எடுக்க, கருவி நட, விலங்கைக் கையாள ஆளுநரின் அனுமதி தனியாக வேண்டும். ஸ்வால்பார்ட் ஆராய்ச்சிகளுக்கான இணையதளத்தில் (Research in Svalbard) திட்டத்தைப் பதிவு செய்து அதன் வழியாகவே விண்ணப்பியுங்கள், களத்துக்குப் போகும் தேதிக்குச் சில மாதங்கள் முன்பே. நட்ட கருவியைத் திரும்ப எடுத்து வருவதும் அனுமதியின் ஒரு பகுதி. கைவிட்ட இரும்புக் கம்பிக்குப் பதில் சொல்லவேண்டியது உங்கள் நிறுவனம்.

நீ-ஓலசுண்டுக்கு மட்டும் இன்னொரு விதி. தொலைதூர விண்வெளிச் சிக்னல்களைக் கேட்கும் பெரிய ஆண்டெனாக்கள் அங்கே இருப்பதால் 2 முதல் 32 கிகாஹெர்ட்ஸ் வரை வானொலி மௌனம். வைஃபையும் புளூடூத்தும் அதில் அடிபட்டுவிடும். விமானத்தில் இறங்கும் முன்பே போனை ஃபிளைட் மோடில் போடுங்கள், கடிகாரத்தையும் இயர்பட்ஸையும் அணைத்துவிடுங்கள். லேப்டாப்புக்கு ஈதர்நெட் கேபிளும், கேபிள் துளை இல்லாத மெல்லிய லேப்டாப் என்றால் அதற்கான அடாப்டரும் ஊரிலிருந்தே வாங்கிப் போங்கள்.